பத்துக் கிழமையோ, பதினொரு கிழமையோ?

பண்டத்தரிப்பில் முத்துக்குமாரு விசாரிக்க வெளிக்கிட்டார் என்றால், விசாரிக்கப்படுகிறவருக்கே தன்னைப் பற்றிச் சில புதிய விஷயங்கள் தெரியவரும் என்று சொல்வார்கள். வெங்காய விதை வாங்குவதென்றாலும் அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது, அந்தத் தோட்டத்துக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கைத் தொடுவார். மகள் குணலட்சுமிக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் இந்த விசாரணையில்தான் விழுந்தன. ஒருவர் படித்ததாகச் சொன்ன பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் கண்டதில்லை. இன்னொருவருக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை என்றார்கள். போய்ப் பார்த்தால் வேலை கச்சேரிக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில்.

குணலட்சுமி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். முப்பது தாண்டிவிட்டது. அவள் இதற்கெல்லாம் பழகிப் போனாள். "நல்லகாலம் அம்மா, நீங்கள் கட்டேக்கை அப்பாவை விசாரிக்க அப்பாவைப் போலை ஒருத்தரும் இருக்கேல்லை" என்று தாயிடம் சொல்வாள். தாய் மகாதேவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்ச் சிரிப்பாள்.

எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், தரகர் பொன்னம்பலம் குடையும் பையுமாக வந்து கதிரையில் இருந்தார்.

"அண்ணை, இது லேசான இடமில்லை. பெடியன் மானிப்பாய். பேர் தியாகலிங்கம். இப்ப கூட்டுறவுச் சங்கத்திலை கிளாக்கர். ஆனா அதில்லை விஷயம். ஆள் ஒரு பொப் பாடகர்."

"என்ன பாடகர்?"

"பொப். தியாகு எண்டால் கொழும்பு முழுக்கத் தெரியும். றேடியோவிலை ஞாயிறு பத்து எண்டு ஒரு நிகழ்ச்சி நடந்தது. கிழமைக்குக் கிழமை ஆக்கள் போஸ்ட்காட் போட்டு, ஆரின்ரை பாட்டு முதலாவது எண்டு எடுக்கிறது. அதிலை பதினொரு கிழமை தொடர்ந்து முதலாமிடம், அண்ணை! ஒருத்தரும் உடைக்காத சாதனை. சிங்கப்பூரிலை பாடினவர். பெரியவை கையாலை தங்கப் பரிசு வாங்கினவர்."

முத்துக்குமாருவுக்குப் பாட்டென்றால் தேவாரம். மிஞ்சினால் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம். பொப் என்ற சொல்லைக் கேட்டதும் சோடாப் போத்தல் திறக்கிற சத்தந்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் பொன்னம்பலம் கொண்டுவந்த சாதகக் குறிப்பு குணலட்சுமியின் குறிப்போடு ஒட்டினது போலப் பொருந்தியிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்பிடிப் பொருந்தினது இதுதான் முதல்தரம்.

"இதுக்கெல்லாம் அத்தாட்சி?"

பொன்னம்பலத்தின் குரல் இறங்கியது. "எல்லாம் வெள்ளவத்தை அறையிலை இருந்தது அண்ணை. இசைத்தட்டு, பேப்பரிலை வந்த படங்கள், கிற்றார். போன ஆடியிலை நடந்த கலவரத்திலை அறையை எரிச்சுப்போட்டாங்கள். பெடியன் போட்டிருந்த சேட்டோடை கப்பலிலை காங்கேசன்துறையிலை வந்து இறங்கினது."

அதைக் கேட்டு மகாதேவி "ஐயோ" என்றாள். முத்துக்குமாருவுக்கும் மனம் என்னவோ செய்தது. ஆனாலும் விசாரணை விசாரணைதான். அடுத்த நாள் மானிப்பாய்ப் பக்கம் போனவர், கூட்டுறவுச் சங்கத்தில் சீனி வாங்குகிற சாட்டில் பெடியனைப் பார்த்துவிட்டு வந்தார். மெலிந்த, அமைதியான ஆள். "நீர்தானே பாட்டுப் பாடுறனீர்?" என்று கேட்டதற்கு, "முந்தி" என்ற ஒரு சொல்தான் பதில். அது அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. சொல்ல ஏதும் உள்ளவன் சொல்லாமல் இருப்பானா?

"மெய்யெண்டால் அறிஞ்ச ஆக்கள் இருப்பினம். எரியாத ஆக்களைத் தேடிப் பிடிக்கிறன்" என்றார் மனைவியிடம்.

"நீங்கள் மாப்பிளையை விசாரிக்கிறியளோ, பாட்டை விசாரிக்கிறியளோ அப்பா?" என்றாள் மகள், கொப்பிகள் திருத்திக்கொண்டு.

"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை. ஒரு கிழமையைக் கூட்டிச் சொல்லுறவன் நாளைக்கு எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவான்."

முதல் சாட்சி குருநகரில் இருந்தார். அந்தக் காலத்தில் தியாகுவுக்குப் போட்டியாகப் பாடிய கிறிஸ்துநாயகம். இப்போது மீன் சந்தையில் ஏலம் கூறுகிறாராம். முத்துக்குமாரு விடியவே சைக்கிளில் புறப்பட்டு ஆனைக்கோட்டை வழியாக மிதித்துப் போனார். அன்று வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு மறந்துபோனது.

சந்தையில் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தமே கூட்டிக்கொண்டு போனது. உயரமான ஒரு மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பாரை மீன் குவியலுக்கு முன்னால் நின்று விலையைப் பாட்டாகவே ஏற்றிக்கொண்டிருந்தார். கூடை வைத்திருந்த பெண்கள் மீனைப் பாராமல் அவருடைய வாயைப் பார்த்தார்கள். ஏலம் முடிந்ததும் முத்துக்குமாரு போய் விஷயத்தைச் சொன்னார். கிறிஸ்துநாயகம் இடி மாதிரிச் சிரித்தார்.

"தியாகுவுக்குக் கலியாணமோ! நல்ல காரியம். கேளுங்கோ ஐயா, எல்லாம் சொல்லுறன்."

"சிங்கப்பூரிலை பாடினது மெய்யோ தம்பி?"

"மெய்தான். நானும் அங்கை பாடினனான்."

முத்துக்குமாரு நிமிர்ந்தார். "எப்ப போனனீங்கள்?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும். பம்பலப்பிட்டிச் சந்தியிலை இறங்கி நடந்துதான். சிங்கப்பூர் கூல் பார் எண்டு ஒரு கடை இருந்தது ஐயா. ஐஸ்கிறீம் நல்லது."

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முத்துக்குமாரு மனதுக்குள் பொன்னம்பலத்தின் கழுத்தைப் பிடித்தார்.

"சரி. பதினொரு கிழமை முதலாமிடம்?"

கிறிஸ்துநாயகத்தின் முகத்தில் சிரிப்பு ஒரு படி இறங்கியது. "பத்து. பத்து மெய். ஒருத்தரும் மறுக்கேலாது. ஆனா பதினொண்டு எண்டு ஆர் சொன்னது? எட்டாங் கிழமை என்ரை. மழைக்குத் தண்டவாளம் அரிச்சு, வடக்கிலையிருந்து மெயில் ரெயின் போகேல்லை. தியாகுவின்ரை போஸ்ட்காட் முழுக்க யாழ்ப்பாணத்திலை நிண்டுட்டுது. கொழும்பிலை வந்து சேர்ந்தது எல்லாம் கொட்டாஞ்சேனைக் காட். கொட்டாஞ்சேனை என்ரை ஆக்கள். எண்ணியிருந்தால் நான்தான் முதல். அவங்கள் எண்ணாமல், முந்தின கிழமைப் பட்டியலையே திருப்பி வாசிச்சுப்போட்டாங்கள்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த எட்டாம் கிழமை அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது என்பது முத்துக்குமாருவுக்கு விளங்கியது. "அப்பிடி என்ன பாட்டுத் தம்பி அது, தியாகு பாடினது?"

கிறிஸ்துநாயகம் ஒரு வெறும் மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதில் தட்டினார்.

"கடைசி பஸ்ஸும் போட்டுது கண்ணே,
காலாற நடப்பமே முன்னே…"

சந்தையே கூடப் பாடியது. கிழவிகள்கூடப் பாடினார்கள். முத்துக்குமாருவுக்குத்தான் ஒன்று விளங்கவில்லை: முந்தின பஸ்ஸில் போயிருக்கலாந்தானே? ஆனால் கால் பெருவிரல் செருப்புக்குள் தானாக ஆடியதை அவர் கண்டார். உடனே அதை நிறுத்தினார்.

புறப்படும்போது கிறிஸ்துநாயகம் பெரிய விளைமீன் ஒன்றைப் பனையோலை உமலில் போட்டு சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிவிட்டார். "வேண்டாம் தம்பி, இண்டைக்கு வெள்ளி, எங்கடை வீட்டிலை மச்சம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். "மீனுக்குக் கிழமை தெரியாது ஐயா" என்று மற்றவர் சைக்கிளைத் தள்ளியே விட்டுவிட்டார். கொட்டடி தாண்டுமுன் இரண்டு காகங்கள் பின்னால் வரத் தொடங்கின. ஆனைக்கோட்டையில் முன்பின் தெரியாத ஒரு தச்சரைக் கூப்பிட்டு மீனைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் காரணம் கேட்குமுன் முத்துக்குமாரு மிதித்தார். அப்பிடியும் வீட்டுப் படலையில் மகாதேவி மூக்கைச் சுருக்கினாள்.

"இஞ்சருங்கோ, எங்கை போட்டு வாறியள்?"

"விசாரிக்க."

"நல்லா மணக்குது விசாரணை" என்று கிணற்றடியைக் காட்டினாள்.

அன்று முழுக அவருக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதவில்லை. குளித்துக்கொண்டே யோசித்தார். பத்தா, பதினொன்றா? பத்தென்றாலும் போதிய சாதனைதான். ஆனால் உள்ளதை உள்ளபடி அறியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது சாட்சியின் பெயர் கிறிஸ்துநாயகம் சொன்னதுதான். றேடியோவில் அந்தத் தபாலட்டைகளை எண்ணிய சிவசுப்பிரமணியம், பென்சன் எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றில் இருக்கிறார். முத்துக்குமாரு பஸ் ஏறிப் போனார். சிவசுப்பிரமணியம் வாசலில் நின்று வரவேற்ற விதமே செய்தி வாசிப்பது போல இருந்தது. எண்ணும் பகுதியில் இருந்தாலும், பக்கத்து அறை அறிவிப்பாளர்களின் குரல் அவருக்கும் ஒட்டியிருந்தது.

"தங்கப் பரிசு எண்டது தவறான தகவல்" என்றார் அவர். "அது ஒரு சுடுதண்ணிப் போத்தல். வெளியிலை தங்க நிறத்திலை ஒரு கோடு இருந்தது. பதினொரு வாரம் எண்டது சரியான தகவல்."

"கிறிஸ்துநாயகம் பத்தெண்டு சொல்லுறார்."

சிவசுப்பிரமணியம் எழும்பியே விட்டார். "நிலையம் அறிவிச்சால் அறிவிச்சதுதான்! எட்டாம் வாரம் முதலாமிடம் தியாகு எண்டு அறிவிச்சம். நாடு முழுக்கக் கேட்டது. வடக்குத் தபால் வராமல் எண்ணிறது நியாயமோ? பாதிப் பேரை வெளியிலை விட்டிட்டுப் பந்தி வைக்கிறதோ?"

முத்துக்குமாரு திரும்பி வரும் வழியெல்லாம் இதை மனதில் உழுதுகொண்டு வந்தார். அச்சுவேலி தாண்டும்போது தெளிவு பிறந்தது. அவருடைய தோட்டக் கிணறு நாலு பேருக்குப் பொது. ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. தன் முறை நாளில் மழை பெய்து இறைக்காமல் விட்டால் அந்த நாள் மற்றவனுடையது ஆகிவிடுமா? முறை முறைதான். ஆகவே பதினொன்று.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். சலூனில் ஒருவர் இந்தியாவிலிருந்து வரும் பாட்டுகளைப் புகழ்ந்தால், "பதினொரு கிழமை நிண்டதோ அது?" என்று கேட்பார். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது கடைசி பஸ் போன செய்தி அவருடைய வாயிலிருந்து மெல்லக் கேட்கும். "இஞ்சருங்கோ, தேவாரத்துக்கு இப்பிடி ஒரு மெட்டு இருக்கோ?" என்று மகாதேவி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால், மண்வெட்டியை ஓங்கி வாய்க்காலில் போடுவார்.

பொம்பிளை பார்ப்பது செல்வச்சந்நிதிக் கோயிலில் என்று முடிவானது. இரண்டு பகுதியும் சாமி கும்பிட வந்தது போல வந்து, கண்டது போலக் கண்டு போவது வழக்கம். முத்துக்குமாரு ஒரு வேலை செய்தார். கோயில் தொண்டைமானாற்றில்தானே என்று சிவசுப்பிரமணியத்துக்குச் சொல்லி வைத்தார். பொன்னம்பலம் இன்னொரு வேலை செய்தார். தியாகுவுக்குத் துணையாக வர ஆள் வேண்டும் என்று கிறிஸ்துநாயகத்தைக் கூட்டிவந்தார். சைவக் கோயில் முன்றலில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மிகவும் பயபக்தியோடு நின்றார்.

பூசை முடிந்து எல்லோரும் ஆற்றங்கரைப் பக்கம் மரநிழலுக்கு வந்தார்கள். தியாகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குணலட்சுமி மாம்பழ நிறச் சேலையில், வகுப்பைப் பார்ப்பது போல அவனை நேரே பார்த்தாள். மகாதேவி பேச்சை எப்படித் தொடங்கலாம் என்று யோசிக்கும்போதே சிவசுப்பிரமணியம் வந்து சேர்ந்தார்.

"ஆ, கிறிஸ்துநாயகம்! எட்டாம் வாரத்தை இன்னும் கொண்டு திரியிறீரோ?"

அவ்வளவுதான். கிறிஸ்துநாயகத்துக்கும் றேடியோக்காரருக்கும் நடுவில் முத்துக்குமாரு புகுந்து கிணற்று முறையை விளக்கினார். "மழை பெய்தால் கிணத்திலை தண்ணி கூடும் ஐயா, இஞ்சை காட் வரேல்லை, குறைஞ்சது" என்று கிறிஸ்துநாயகம் மறுத்தார். "அப்ப மழையே பெய்யாத ஆண்டெண்டு வையும்" என்றார் முத்துக்குமாரு. சிவசுப்பிரமணியம் நிலைய விதிகளைச் சொன்னார். பொன்னம்பலம் கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணை, பொம்பிளை மாப்பிளை…" என்று இரண்டு தரம் நினைவுபடுத்தினார். யாரும் கேட்கவில்லை. கும்பிட வந்தவர்கள் சிலர் சுற்றி நின்று கேட்டார்கள். அவர்களிலும் பத்துக் கட்சி, பதினொரு கட்சி என்று பிரிவு உண்டானது.

"காணும்!" என்றார் முத்துக்குமாரு கடைசியில். "பாடினவரையே கேப்பம். தம்பி தியாகலிங்கம்!"

நின்ற இடத்தில் தியாகலிங்கம் இல்லை. திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி, கச்சான் கடலை விற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில், மகாதேவி ஒரு கல்லில் இருந்து ஆற்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த கல்லில் குணலட்சுமி. எதிரே தியாகலிங்கம் குந்தியிருந்து கச்சான் கோதுகளை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி வாய் விட்டுச் சிரிப்பதை முத்துக்குமாரு பார்த்து எவ்வளவோ காலம்.

ஆனால் பின்னால் கூட்டம் தீர்ப்புக்குக் காத்து நின்றது. "தம்பி, நீரே சொல்லும். எட்டாங் கிழமை ஆரின்ரை?"

தியாகலிங்கம் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டான். "கிறிஸ்துவின்ரை, ஐயா."

"என்ன?"

"அந்தக் கிழமை அவரின்ரை பாட்டுத்தான் திறம். நானும் அதுக்குத்தான் போஸ்ட்காட் போட்டனான்."

சிவசுப்பிரமணியம் தலையில் கை வைத்தார். ஏலத்தில் ஒருநாளும் சொல் முட்டாத கிறிஸ்துநாயகம், "ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்திருக்கும்."

முத்துக்குமாருவுக்குத்தான் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து, வெள்ளிக்கிழமை மீன் சுமந்து, ஊர் ஊராய் நிலைநாட்டிய சாதனையை இந்தப் பெடியன் கச்சான் கோதுபோல ஊதிவிட்டானே! மகளை ஓரமாகக் கூட்டிப்போனார். "பிள்ளை, தனக்கு எதிராத் தானே வோட்டுப் போட்டவனை நம்பி உன்னை என்னெண்டு குடுக்கிறது?"

"அப்பா, நீங்கள் ஒரு மாசமா ஆளுக்காள் கேட்டியள். நான் ஒரு கேள்விதான் கேட்டனான்."

"என்ன கேட்டனி?"

"ஏன் இப்ப பாடிறேல்லை எண்டு. கிற்றார் இல்லை எண்டார். கிற்றார் கிடைச்சால் பாடுவியளோ எண்டன். இல்லை, வேறை சாட்டுத் தேடுவன் எண்டார். பயமாயிருக்காம். பாடத் தொடங்கினால் அந்த அறை ஞாபகம் வருமாம்." அவள் கையிலிருந்த கச்சானைப் பார்த்தாள். "உள்ளதைச் சொல்லுற ஆள் அப்பா. எனக்கு அது போதும்."

விசாரிக்க வேறு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பழக்கத்தில் முத்துக்குமாருவின் மனம் தேடியது. ஒருவரும் இல்லை.

"அப்ப பத்தெண்டே வைப்பம்" என்றார்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருந்தார். சைக்கிளில் மானிப்பாய்க்கு வேலைக்குப் போய் வருவார். பின்னேரங்களில் தோட்டத்தில் மாமனுக்கு உதவுவதாக நினைத்து வெங்காயத் தாள்களை மிதிப்பார். முத்துக்குமாரு ஒன்றும் சொல்வதில்லை. மருமகன் போனபிறகு குனிந்து நிமிர்த்திவிடுவார். பாட்டைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று குணலட்சுமி சொல்லியிருந்தாள்.

அடுத்த வருஷம் ஒருநாள் மத்தியானம் ஊரடங்கு போட்டார்கள். எவரும் படலைக்கு வெளியே போகவில்லை. எங்கோ தூரத்தில் இரண்டு மூன்று வெடிச் சத்தம் கேட்டது. பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை. எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். மகாதேவி அரிசி புடைத்தாள். ஐந்து மாதக் குழந்தை குணலட்சுமியின் மடியில் கிடந்து அழுதது. தோளில் போட்டுத் தட்டியும் நிற்கவில்லை. தாலாட்டியும் நிற்கவில்லை.

தியாகலிங்கம் எழும்பிப் போய் வெறும் மண்ணெண்ணெய் ரின் ஒன்றை எடுத்துவந்து மடியில் வைத்தார். விரல் நுனியால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கடைசி பஸ்ஸும் போட்டுது என்று தொடங்கி, முதல் வரியிலேயே குரல் உடைந்து நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மகாதேவி சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, அடுத்தது என்ன என்பது போலத் தகப்பனை வெறித்தது. தியாகலிங்கம் மறுபடி தொடங்கினார். இந்த முறை முழுதாகப் பாடினார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மெல்லமாய் வந்தது. "முத்துக்குமாரு அண்ணை, என்ன, றேடியோவோ?"

"இல்லை" என்றார் முத்துக்குமாரு. "எங்கடை மருமோன்."

வேலிக்கு அப்பால் கதிரையொன்றைக் கிட்ட இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் சத்தமாப் பாடச் சொல்லுங்கோ" என்றது குரல்.